பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வழுக்கும் கடினப் பூச்சு இடுவது எப்படி?

எட்டிமடையிலோ, வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோட்டிலோ ஸ்பட்டரிங் சேம்பர் (வெற்றிடத்தில் அயனிகளால் தகட்டைத் தாக்கி, சிதறும் அணுக்களைப் பூச்சாகப் படியவைக்கும் பெட்டி) வைத்திருப்பவர், எந்தப் பூச்சு என்று முடிவு செய்யும்போதே மழையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெற்றிடத்திலும் வறண்ட காற்றிலும் அருமையாக வழுக்கும் மாலிப்டினம் டைசல்பைடு, ஆடி மாதம் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து உராய்வைக் கூட்டிவிடும். ஆகவே, ஒருசில நானோமீட்டர் அளவே உள்ள டைட்டானியம் கார்பைடு படிகங்கள் படிக உருவற்ற கார்பனுக்குள் பதிந்திருக்கும் பூச்சையே நான் பரிந்துரைப்பேன். அதில் கடினத்தைப் படிகங்களும் வழுக்கலைக் கார்பனும் தருகின்றன.

பூச்சு இடவேண்டிய உருக்குத் துண்டுகளைக் காரக் கரைசலில் கழுவி, நீரில் அலசி, சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். நீர் ஒரே படலமாக வடிந்தால் எண்ணெய் போய்விட்டது என்று பொருள். முத்து முத்தாகத் திரண்டால் மறுபடியும் கழுவ வேண்டும். பிறகு அசிட்டோன், ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஆகியவற்றில் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி உலர்த்துங்கள். இதற்குப் பின் வெறுங்கையால் தொடக்கூடாது.

ஒரு மழைநாளில் சேம்பர் கதவைச் சாப்பாட்டு நேரம் முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். அன்று இட்ட பூச்சு வெங்காயத் தோல்போல் உரிந்து வந்தது. சுவரில் ஒட்டிய நீராவிதான் காரணம். சுவரைச் சூடேற்றியபடி பம்ப் செய்து, அழுத்தம் 0.001 பாஸ்கலுக்குக் கீழே இறங்கும்வரை பொறுத்திருங்கள். பேரிங் உருக்கு என்றால் துண்டின் வெப்பம் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தாண்டினால் உருக்கே மென்மையாகிவிடக்கூடும்.

ஆர்கான் அயனிகளால் துண்டின் மேற்பரப்பை அரித்துத் துடைத்தபின், ஆர்கான் அழுத்தத்தை 0.4 பாஸ்கல் அளவில் வைத்து, துண்டுக்கு மைனஸ் 100 வோல்ட் பயஸ் (அயனிகளைத் துண்டை நோக்கி இழுக்கும் மின்னழுத்தம்) கொடுத்து, முதலில் 0.1 மைக்ரான் தடிமனுக்கு வெறும் டைட்டானியம் படியவிடுங்கள். அடுத்து, கார்பனைத் தரும் அசிட்டிலீன் வாயுவைச் சிறுகச் சிறுக ஏற்றுங்கள். அவசரப்பட்டால் டார்கெட்டின் (அணுக்களைத் தரும் டைட்டானியம் தகட்டின்) மேலேயே கார்பன் படிந்து, பூச்சு வளரும் வேகம் சரிந்துவிடும். (அசிட்டிலீன் சிலிண்டருக்குள் அசிட்டோன் இருப்பதால் அதைப் படுக்க வைக்கவோ, கடைசிவரை காலி செய்யவோ வேண்டாம்.) 2 மைக்ரான் ஆனதும் நிறுத்தி, துண்டு நன்றாக ஆறிய பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

ஒட்டுதலை அறிய, 150 கிலோ சுமையில் ராக்வெல் சி குழி (கூம்பு வடிவ வைர முனையை அழுத்தி உண்டாக்கும் குழி) பதித்து நுண்ணோக்கியில் பாருங்கள். குழியைச் சுற்றி மெல்லிய விரிசல்கள் மட்டும் இருந்தால் ஏற்கலாம்; செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் கழுவுவதிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பூச்சின் கடினத்தை இந்தக் குழியைக்கொண்டு அளக்க இயலாது. அதற்கு, தடிமனில் பத்தில் ஒரு பங்கான 0.2 மைக்ரானுக்கு மேல் ஆழம் போகாத நானோ குழிப்புச் சோதனை தேவை.