டயாலிசிஸ் நோயாளிக்குச் சிறுநீர்ப்பைத் தொற்று வந்தால்

சென்னையில் கத்திரி வெயில் காலத்தில் நீர்க்கடுப்பு என்றாலே உடம்புச் சூடு என்று முடிவுகட்டி, இளநீரும் பார்லித் தண்ணீரும் கொடுப்பது வீட்டு வழக்கம். டயாலிசிஸில் இருப்பவருக்கு இந்த வைத்தியம் ஆகாது. குடித்த நீர் வெளியேற வழியின்றி நுரையீரலில் கோத்து மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். இளநீரின் பொட்டாசியமோ இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யக்கூடும். கடையில் கேட்டு வாங்கும் நீர்க்கடுப்பு சிரப்புகள் பலவற்றிலும் சோடியமோ பொட்டாசியமோ இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் அவற்றையும் கொடுக்கக் கூடாது.

சிறுநீரே போகாதவருக்கும் சிறுநீர்ப்பைத் தொற்று வரும். கழுவிவிட நீரோட்டம் இல்லாத சிறுநீர்ப்பையில் சீழ் கட்டிக்கொள்ளும். அடிவயிற்று வலி, உள்ளாடையில் துர்நாற்றத்துடன் கலங்கலான கறை ஆகியவற்றைக் கவனியுங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே பேச்சுத் தடுமாறலாம்.

டயாலிசிஸ் நோயாளிகளின் சிறுநீரில் தொற்று இல்லாதபோதும் சீழ் அணுக்கள் காணப்படுவது சகஜம் என்பதால், அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் வைத்து மருந்து தொடங்குவது சரியன்று. முதல் வேளை ஆன்டிபயாடிக்குக்கு முன்பே கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துக் கண்டறியும் பரிசோதனைக்கு) மாதிரி எடுத்துவிட வேண்டும். சிறுநீர் வராதவருக்கு மெல்லிய குழாய் செலுத்தி எடுப்பார்கள். குளிர்நடுக்கம் இருந்தால் இரத்தக் கல்ச்சரும் அவசியம். கழுத்தில் டயாலிசிஸ் குழாய் உள்ளவருக்குக் காய்ச்சலுக்குக் காரணம் அந்தக் குழாயாகவும் இருக்கலாம்.

மருந்தைச் சிறுநீரக மருத்துவரே தீர்மானிக்கட்டும். மற்றவர்களுக்குச் சாதாரணமாக எழுதப்படும் நைட்ரோஃபியூரன்டாயின் இவர்களுக்கு உதவாது. சிறுநீரில் போதிய அளவு சேராமல் உடலிலேயே தங்கி நரம்புகளைப் பாதிக்கும். பல ஆன்டிபயாடிக்குகளை டயாலிசிஸ் இழுத்துவிடுவதால், அன்றைய வேளையை டயாலிசிஸ் முடிந்த பிறகே கொடுக்க வேண்டியிருக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் எழுதியிருந்தால், சாப்பாட்டுடன் விழுங்கும் கால்சியம் மாத்திரைக்கு அல்லது பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோதான் அதைத் தர வேண்டும். சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடலில் ஏறாது. சீழ் கட்டியிருந்தால் மாத்திரை மட்டும் போதாது. குழாய் வைத்து வடித்து, சிறுநீர்ப்பையைக் கழுவவும் நேரிடும்.

நடுக்கத்துடன் காய்ச்சல், இரத்த அழுத்தச் சரிவு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். டயாலிசிஸ் நோட்டையும் மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடைசி டயாலிசிஸ் என்றைக்கு, உலர் எடை (மிகை நீர் நீங்கிய பின் இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) எந்தக் கையில் என்பதை அவசரப் பிரிவில் முதலிலேயே சொல்லிவிட்டால், அந்தக் கையில் ஊசி குத்துவதையும் தேவைக்கு மேல் டிரிப்ஸ் ஏற்றுவதையும் தவிர்ப்பார்கள்.