சாவேஸை எதிர்த்தவர்கள் எங்கே தவறினார்கள்?

வாக்காளர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. வெனிசுலாவில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று.

1998 டிசம்பரில் அந்நாட்டு மக்கள் 56 சதவீத வாக்குகளை அளித்து ஊகோ சாவேஸை அதிபராக்கினார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று சிறைக்குப் போன ராணுவ அதிகாரி அவர். விவரமறியாத ஏழைகள் மேடைப்பேச்சில் மயங்கிவிட்டார்கள் என்று வசதி படைத்தவர்கள் பலர் சொல்லிக்கொண்டார்கள். அந்த ஏழைகள் எதையெல்லாம் கண்டிருந்தார்கள் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

1958இல் கட்சிகள் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு, இரண்டே கட்சிகள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மாறி மாறி ஆண்டன. எண்ணெய்ப் பணம் கொட்டிய காலத்திலும் தலைநகர் கராகஸின் மலைச்சரிவுகளில் குடிசைகள் பெருகிக்கொண்டே போயின. 1989 பிப்ரவரியில் அதிபராகப் பதவியேற்ற கார்லோஸ் ஆந்த்ரேஸ் பேரேஸ், தேர்தலின்போது நாடுகளுக்குக் கடன் தரும் பன்னாட்டு நிதியத்தை (ஐ.எம்.எஃப்.) சாடியவர். பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே அதன் நிபந்தனைகளை ஏற்றார். பெட்ரோல் விலையும் பஸ் கட்டணமும் ஏறின. பிப்ரவரி 27 அன்று மக்கள் கொதித்தெழுந்தார்கள். அரசு ராணுவத்தை ஏவியது, நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடியிருப்புகளுக்குப் போய் 'ஜனநாயகத்துக்கு ஆபத்து' என்று சொன்னால், எந்த ஜனநாயகம் என்றுதானே கேட்பார்கள்?

அடுத்த தவறு குறுக்குவழி. 2002 ஏப்ரலில் ராணுவ அதிகாரிகள் சாவேஸைப் பிடித்துவைத்தார்கள். வணிகர் கூட்டமைப்பின் தலைவர் பெட்ரோ கார்மோனா தம்மையே அதிபராக அறிவித்துக்கொண்டு, நாடாளுமன்றத்தையும் உச்ச நீதிமன்றத்தையும் ஒரே ஆணையில் கலைத்தார். இரண்டு நாட்களுக்குள் சாவேஸ் திரும்பிவந்தார். அவர் நீதிமன்றத்தைத் தம் ஆட்களால் நிரப்பியதும், 2007இல் ஒரு தொலைக்காட்சியின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும் உண்மையான கொடுமைகள். ஆனால் அவற்றைக் கண்டிக்கும் தார்மிக உரிமையை எதிரணி அந்த இரண்டு நாட்களிலேயே பாதி இழந்துவிட்டது.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு 2005இல் நடந்தது. நாடாளுமன்றத் தேர்தலில் முறைகேடு நடக்கும் என்று சொல்லி முக்கிய எதிர்க்கட்சிகள் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டன. சுமார் 25 சதவீதம் பேரே வாக்களித்தார்கள். 167 இடங்களும் சாவேஸ் பக்கத்துக்குப் போயின. கேள்வி கேட்க ஆளில்லாத அவையில் எந்தச் சட்டமும் எளிதாக நிறைவேறும்.

நலத்திட்டங்களை வெறும் வாக்கு வியாபாரம் என்று இகழ்ந்ததும் எதிரணிக்கே பாதகமாக முடிந்தது. 2003 முதல் கியூபா மருத்துவர்கள் ஏழைக் குடியிருப்புகளிலேயே தங்கி வைத்தியம் பார்த்தார்கள். அதற்கான செலவில் கணக்கு வழக்கில்லை என்ற விமர்சனம் நியாயமானதுதான். ஆனால் முதல்முறையாகத் தன் தெருவில் ஒரு மருத்துவரைப் பார்த்த தாய்க்கு, அந்த விமர்சனம் மருத்துவரைப் பறிக்கும் மிரட்டலாகவே கேட்டது. இதைப் புரிந்துகொண்டவர் எதிரணி வேட்பாளர் என்ரிக்கே காப்ரிலெஸ். 2012 அதிபர் தேர்தலில் ஊர் ஊராகப் போய், திட்டங்களை நிறுத்தமாட்டேன், ஒழுங்காக நடத்துவேன் என்றார். தோற்றார், ஆனாலும் 44 சதவீதம் பெற்றார். சாவேஸ் இறந்தபின் 2013இல் அவருடைய அரசியல் வாரிசான நிக்கோலஸ் மதுரோவிடம் சுமார் ஒன்றரை சதவீத வித்தியாசத்தில்தான் தோற்றார். 2015இல் உணவுக்காக மக்கள் வரிசையில் நின்று நொந்திருந்தபோது, ஒன்றுபட்ட எதிரணி நாடாளுமன்றத் தேர்தலில் 112 இடங்களை வென்றது.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. பதவிக்காலம் முடியவிருந்த பழைய அவை அவசரமாக நியமித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள், புதிய அவையைச் செயல்பட விடவில்லை. எதிர்க்க வேண்டிய முறையில் எதிர்ப்பது எவ்வளவு முக்கியமோ, அதை நிறுவனங்கள் உயிரோடு இருக்கும்போதே தொடங்குவதும் அவ்வளவு முக்கியம்.

2024 ஜூலை அதிபர் தேர்தலில் எதிரணி களத்தைவிட்டு விலகவில்லை. எதிரணித் தலைவர் மரியா கொரினா மச்சாடோ போட்டியிடத் தடை விதிக்கப்பட்டபோதும் புறக்கணிப்பைப் பேசாமல், ஓய்வுபெற்ற தூதர் எட்முண்டோ கொன்சாலஸை நிறுத்தினார்கள். வாக்குச்சாவடிகளில் முகவர்கள் காத்திருந்து, இயந்திரம் அச்சிட்ட முடிவுத் தாள்களைச் சேகரித்தார்கள். அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இணையத்தில் ஏற்றப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கொன்சாலஸுக்கு விழுந்ததை அவை காட்டின. தேர்தல் ஆணையம் மதுரோவே வென்றார் என்று அறிவித்தது. சாவடி வாரியான கணக்கை மட்டும் அது வெளியிடவே இல்லை.