கோல்டு டேக் தொங்குது சரி, பின்பக்கம் என்ன எழுதியிருக்கீங்க?

போன மாசம் சித்தப்பா பையன் போன் பண்ணினான். "அண்ணா எனக்கு ஏர்லைன் மெம்பர்ஷிப்ல கோல்டு வந்துருச்சு, கார்டோட ரெண்டு லக்கேஜ் டேக் அனுப்பியிருக்காங்க, இதை பெரிய பெட்டில மாட்டணுமா கேபின் பேக்ல மாட்டணுமா?" குரல்ல அவ்ளோ சந்தோஷம். வருஷம் பூரா ஏர்போர்ட் சேர்ல தூங்கி எழுந்தவனுக்குத்தான் அந்த சந்தோஷம் புரியும், அதனால நான் கிண்டல் பண்ணல. நானும் டெக்ஸ்டைல் மெஷின் கமிஷனிங் வேலைல பதினோரு வருஷமா சுத்துறேன், கோயம்புத்தூர்ல ஏறி சிங்கப்பூர்ல மாறி வியட்நாம் இந்தோனேசியான்னு, எனக்கு முதல் டேக் வந்தப்ப அதை டிவி ஸ்டாண்டு மேல வச்சு ஒரு வாரம் பார்த்தவன் நான். அவனுக்கு வாட்ஸ்அப்ல அடிச்சு அனுப்புனதை கொஞ்சம் நீட்டி இங்க போடுறேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. அந்த பளபள பிளாஸ்டிக் டேக் உங்க பெட்டியை பெல்ட்ல முன்னாடி கொண்டுவராது. உள்ள ஓடுற பெல்ட்டுக்கு கோல்டும் தெரியாது பிளாட்டினமும் தெரியாது, அது படிக்கிறது கவுண்டர்ல சுத்தி ஒட்டுறாங்களே அந்த நீள வெள்ளை பேப்பர்ல இருக்குற பார்கோடை மட்டும்தான். அந்த பார்கோடுக்குக் கீழ 10 இலக்க நம்பர் ஒண்ணு இருக்கும், ஒரு தடவை நிதானமா பாருங்க, முதல் இலக்கத்தை விட்டுட்டு அடுத்த மூணு ஏர்லைன் கோடு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்னா 618, ஏர் இந்தியான்னா 098, எமிரேட்ஸ்னா 176, ஸ்ரீலங்கன்னா 603. மிச்சம் ஆறு இலக்கம் உங்க பெட்டிக்கான வரிசை நம்பர். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி அன்னைக்கு உங்க பெட்டிக்கு அதுதான் அடையாளம்.

அதனால கவுண்டர்ல பேப்பர் ஒட்டினதும் "தேங்க்ஸ்"ன்னு சொல்லிட்டு ஓடாதீங்க. பெருசா அச்சாகியிருக்குற மூணு எழுத்தைப் பாருங்க, அதுதான் பெட்டி போய்ச் சேர வேண்டிய ஊரோட கோடு, கோயம்புத்தூர்னா சிஜேபி, சென்னைன்னா எம்ஏஏ, திருச்சின்னா டிஆர்இசட், மதுரைன்னா ஐஎக்ஸ்எம். வெளிநாட்டுல இருந்து சென்னை வந்து அங்கிருந்து உள்ளூர் ப்ளைட் பிடிக்கிறவங்களுக்கு இன்னொரு விஷயம், டேக்ல சிஜேபின்னு இருந்தாலும் பெரும்பாலும் சென்னைலயே பெட்டியை எடுத்து கஸ்டம்ஸ் தாண்டி மறுபடி கொடுக்கணும், ஏறுற இடத்துலயே கேட்டு வச்சுக்கோங்க. அப்புறம் உங்களுக்குக் கொடுக்குற அந்த குட்டி ஸ்டிக்கர், அதை போட்டோ எடுத்துக்கோங்க. அது தொலைஞ்சா பெட்டி எங்கன்னு கேக்குறப்ப கையில ஒண்ணும் இருக்காது.

சரி, கோல்டுக்கு அப்போ என்ன பிரயோஜனம்? இருக்கு, ஆனா அது பிளாஸ்டிக்ல இல்ல, உங்க புக்கிங்ல இருக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட மெம்பர்ஷிப்பான கிறிஸ்ஃபிளையர்ல 25,000 எலைட் மைல்ஸ்க்கு சில்வர், 50,000க்கு கோல்டு, அந்த கோல்டு வந்தா ஸ்டார் அலையன்ஸ்ங்கிற ஏர்லைன் கூட்டணி முழுக்க கோல்டு கணக்குதான், ஏர் இந்தியால போனாலும் லுஃப்தான்சால போனாலும் பெட்டிக்கு முன்னுரிமை உண்டு. ஆனா மெம்பர் நம்பர் புக்கிங்ல ஏறியிருக்கணும். டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்த டிக்கெட்ல பாதி நேரம் அது ஏறியிருக்காது, ஏறியிருந்தா போர்டிங் பாஸ்ல ஸ்டார் குறியோட ஜி-ன்னு ஒரு எழுத்து வரும், அது இல்லன்னா கவுண்டர்லயே நம்பரைச் சொல்லி ஏத்தச் சொல்லுங்க. கூடவே 'பிரையாரிட்டி'ன்னு தனியா ஒரு அட்டை மாட்டுவாங்க. மறந்துட்டாங்கன்னா "மேடம், பிரையாரிட்டி டேக் ஒண்ணு போட்ருங்க"ன்னு கேட்டா போதும், பெரிய பிளாஸ்டிக் டேகை அவங்க முகத்துக்கு முன்னாடி ஆட்ட வேண்டிய அவசியமே இல்ல, ஆட்டுறவங்களையும் பார்த்திருக்கேன். இவ்ளோ பண்ணியும் சில நாள் என் பெட்டி கடைசியாத்தான் வரும். அது அவ்ளோதான்.

இனி அந்த பிளாஸ்டிக்குக்கு வருவோம். அதோட உண்மையான வேலை, பேப்பர் டேக் கிழிஞ்சு போனா இது யாரு பெட்டின்னு சொல்றது. இன்னொண்ணு, உங்க பெட்டி மாதிரியே பெட்டி வச்சிருக்குறவர் தூக்கிட்டுப் போகாம பார்க்கிறது. இதுல ரெண்டாவதைப் பட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

மூணு வருஷம் முன்னாடி ராத்திரி ஒரு மணிக்கு இறங்கி பெல்ட்ல நிக்கிறேன், என் கருப்பு பெட்டி வருது, எடுத்தேன், வீட்டுக்கு வந்து திறந்தா உள்ள குழந்தை டயப்பர், மைலோ பாக்கெட், கோடாலி தைலம் ஒரு டஜன். என்னோட டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ் எல்லாம் எவர் வீட்டுலயோ. தப்பு என்னோடதுதான், ரெண்டு பெட்டியும் ஒரே கம்பெனி ஒரே சைஸ், நான் கைப்பிடியைப் பார்த்தேனே ஒழிய பேரைப் பார்க்கல. அந்த பெட்டில அவங்க ஒரு நோட்டு அட்டையை வெட்டி, ஸ்கெட்ச் பேனால போன் நம்பர் எழுதி, செல்லோ டேப் சுத்தி, பச்சை ரிப்பன்ல கட்டியிருந்தாங்க. என்னோடதுல கோல்டு டேக், பேரும் மெம்பர் நம்பரும் எம்போஸ் பண்ணி ஜம்முன்னு தொங்குச்சு, ஆனா போன் நம்பர் இல்ல! அவங்க என்னைக் கூப்பிட வழியே இல்ல. மெம்பர் நம்பரை வச்சு ஏர்லைன்காரங்கதான் கண்டுபிடிக்க முடியும், ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்ல பெட்டியைத் திறந்து பார்த்து பதறுற அம்மாவுக்கு அது எதுக்கு ஆகும். நான்தான் ரிப்பன்ல இருந்த நம்பருக்கு அடிச்சேன். விடிஞ்சதும் பீளமேட்டுல ஒரு டீக்கடை வாசல்ல பெட்டி மாத்திக்கிட்டோம், மைலோ ஒரு பாக்கெட் கொடுத்தாங்க.

அன்னைக்கே டேகோட பின்பக்கத்தை சரி பண்ணினேன். பெரும்பாலான டேக்ல பின்னாடி ஒரு வெள்ளைப் பட்டை இருக்கும், இல்லன்னா அட்டை சொருகுற மாதிரி இருக்கும், அதை அப்படியே காலியா விட்டுட்டு சுத்துறவங்கதான் அதிகம். அதுல பேரு, +91 சேர்த்து வாட்ஸ்அப் நம்பர், ஒரு ஈமெயில், அவ்ளோதான். நீங்க வெளியூர் போனா உங்க சிம் வேலை செய்யாதுன்னா வீட்டுல யாராவது ஒருத்தர் நம்பரையும் சேர்த்துப் போடுங்க. வீட்டு அட்ரஸ் வெளிப்பக்கம் வேண்டாம். இவன் ஊர்ல இல்ல, வீடு பூட்டியிருக்குன்னு நாமளே போர்டு மாட்டுன மாதிரி ஆகிடும். சாதா இங்க் பேனால எழுதாதீங்க, ஒரு மழை நாள் டிராலில நனைஞ்சா அழிஞ்சிடும், பெர்மனென்ட் மார்க்கர் வேணும், மேல செல்லோ டேப் ஒரு சுத்து.

மாட்டுற விதம்தான் பாதிப் பேர் கோட்டை விடுற இடம். கூட வர்ற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் லூப் ஒரு வருஷத்துல விறைச்சுப் போய் பட்டுனு உடையும், பக்கிள் வச்ச தோல் பட்டை கொஞ்சம் தேவலை. நான் ஸ்டீல் வயர் லூப் வாங்கி வச்சிருக்கேன், ரெண்டு முனையும் திருகி இறுக்குற டைப். ஆனா பெல்ட்டும் டிராக்டர் டிராலியும் குலுக்குற குலுக்குல அந்தத் திருகு தானா கழண்டுக்கும், எங்க மெஷின்ல போல்டு லூஸ் ஆகாம இருக்க லாக்டைட் போடுவோம், இதுக்கு அவ்ளோ வேண்டாம், வீட்டம்மா நெயில் பாலிஷ்ல ஒரு சொட்டு மரைல விட்டு இறுக்கிட்டா அசையாது. மாட்டுறது பக்கவாட்டுல தைச்சிருக்குற கைப்பிடில. இழுக்குற டிராலி கம்பில வேண்டாம், அதை உள்ள தள்ளுறப்ப லூப் நசுங்கும். ஜிப் புல்லர்ல கூடவே கூடாது, டேக் எங்கயாவது மாட்டி இழுத்தா ஜிப்பும் சேர்ந்து போயிரும். லூப்பை நீளமா தொங்க விடாம கைப்பிடியை ரெண்டு சுத்து சுத்தி டேக் பெட்டியோட ஒட்டிக் கிடக்குற மாதிரி வைங்க.

அப்புறம் பழைய பேப்பர் டேகையெல்லாம் கழட்டுங்க சாமி. எங்க ஊர்ல வெளிநாடு போயிட்டு வந்தவன் பெட்டில அந்த வெள்ளை வாலு ஆறு மாசம் தொங்கும், டவுன் பஸ்ல போறப்பவும் அது தெரியுற பக்கமா வச்சுத்தான் உக்காருவாங்க, கோல்டு டேக்குக்கெல்லாம் முன்னாடியே நம்ம ஸ்டேட்டஸ் சிம்பல் அதுதான். ஆசை புரியுது. ஆனா அடுத்த பயணத்துக்கு முன்னாடி அதையும், பெட்டி ஓரத்துல ஒட்டியிருக்குற குட்டி பார்கோடு ஸ்டிக்கரையும் உரிச்சுடணும், ஸ்கேனர் பழசைப் படிச்சா உங்க பெட்டி தடுமாறி நிக்கும், இல்ல வேற ஊருக்கே போகும். கழட்டுனதை கிழிச்சுத்தான் போடணும், ஏன்னா நிறைய ஏர்லைன் டேக்ல உங்க பேரும் பிஎன்ஆர்ங்கிற புக்கிங் கோடும் அச்சாகியிருக்கும். திரும்பி வர்ற டிக்கெட்டும் அதே பிஎன்ஆர்னா, அதையும் கடைசிப் பேரையும் வச்சு யார் வேணா வெப்சைட்ல உங்க புக்கிங்கைத் திறக்கலாம். இன்ஸ்டால பெட்டி போட்டோ போடுறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க, கோல்டு டேகைக் காட்டணும்னு எடுத்த படத்துல பக்கத்துலயே பிஎன்ஆர் பல்லைக் காட்டும்.

தம்பி கேட்ட கேள்விக்கு நேர் பதில், ரெண்டு டேக் வந்தா ஒண்ணு பெரிய பெட்டிக்கு, ஒண்ணு கேபின் பேக்குக்கு. கேபின் பேக்ல மாட்டுறது கெத்துக்குத்தானேன்னு சிரிக்கிறாங்க, பாதி உண்மை, லவுஞ்ச்ல பக்கத்து சேர்காரர் பார்வை டேக் மேல போயிட்டு உங்க மூஞ்சிக்கு வர்றதை நீங்களும் ரசிப்பீங்க, ரசிங்க. ஆனா ஏடிஆர் மாதிரி சின்ன ப்ளைட்லயும், மேல இடம் நிறைஞ்ச ப்ளைட்லயும் கேபின் பேகை வாசல்லயே வாங்கி கீழ போட்டுருவாங்க, அப்ப பேர் இல்லாத பை அனாதை. அப்படிக் கொடுக்குறதுக்கு முன்னாடி பவர் பேங்கை எடுத்து கையில வச்சுக்கோங்க, அது சரக்கு அறைக்குப் போகக்கூடாது. பெரிய பெட்டில மட்டும் எனக்கு ஒரு யோசனை உண்டு, மெட்டாலிக் கோல்டு தொங்குற பெட்டி 'இதுல விலையுள்ள சாமான் இருக்கு'ன்னு சொல்லாம சொல்லுது. அதனால எழுதுன பக்கம் வெளிய, கோல்டு பக்கம் பெட்டியைப் பார்த்த மாதிரி திருப்பித்தான் மாட்டுவேன்.

தூரத்துல இருந்து அடையாளம் கண்டுபிடிக்கிறதுல திருச்சி ஏர்போர்ட்ல வந்து இறங்குற நம்ம வளைகுடா, மலேசியா ஆளுங்களை அடிச்சுக்க முடியாது. அட்டைப்பெட்டி, நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும், ஆறு பக்கமும் மார்க்கர்ல கொட்டை எழுத்துல பேரு, ஊரு, போன் நம்பர். எந்தப் பக்கம் கவுந்து வந்தாலும் பத்தடி தள்ளி நின்னு படிக்கலாம். நானும் இப்ப கருப்பு பெட்டில ஆரஞ்சு கலர் டேப்பை கைப்பிடில சுத்தி வச்சிருக்கேன், அழகா இல்ல, ஆனா தூக்கக் கலக்கத்துல இன்னொருத்தர் அதைத் தன்னோடதுன்னு நினைக்க மாட்டார்.

உள்ளயும் ஒரு பேப்பர் வைங்க, துணிக்கு மேல, திறந்ததும் கண்ல படுற மாதிரி. பேரு, நம்பர், எந்த தேதில எந்த ஊர், எந்த ஹோட்டல். ஏர்டேக் மாதிரி டிராக்கர் இருந்தா அதையும் உள்ளதான் போடணும், வெளிய தொங்க விட்டா முதல்ல அதுதான் காணாம போகும். ஐபோன்காரங்களுக்கு 2024 டிசம்பர்ல வந்த 18.2 அப்டேட்ல இருந்து ஏர்டேக் காட்டுற இடத்தை ஏர்லைனுக்கே லிங்க்கா அனுப்புற வசதி இருக்கு, பெட்டி கைக்கு வந்ததும் இல்லன்னா ஏழு நாள்ல அந்த லிங்க் தானா செத்துடும்.

இத்தனைக்கும் பெட்டி வரலன்னா ஹாலை விட்டு வெளிய போயிடாதீங்க. அங்கயே கவுண்டர்ல பிஐஆர்னு ஒரு ரிப்போர்ட் போடுவாங்க, ஊர் கோடு, ஏர்லைன் கோடு, அஞ்சு இலக்கம்னு பத்து எழுத்துல ஒரு நம்பர் தருவாங்க, அதை வாங்காம நகராதீங்க. இன்டர்நேஷனல் பயணத்துக்கு மாண்ட்ரியல் ஒப்பந்தக் கணக்கு, பெட்டி உடைஞ்சிருந்தா கைக்கு வந்ததுல இருந்து 7 நாளுக்குள்ள, லேட்டா வந்தா 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும், 21 நாள் ஆகியும் வரலன்னா தொலைஞ்ச கணக்குல நஷ்டஈடு கேக்கலாம். 2024 டிசம்பர் 28ல இருந்து உச்சவரம்பு 1,519 எஸ்டிஆர் (ஐஎம்எஃப் வச்சிருக்குற ஒரு பணக் கணக்கு அலகு), சுமாரா 2,000 டாலர். கோல்டுக்கும் சாதாவுக்கும் ஒரே வரம்புதான். டார்க் ரெஞ்ச் விலையே அதுல பாதி வரும், அதனால அதை மட்டும் நான் தனியா இன்சூரன்ஸ் போட்டுடுறேன்.

ஸ்டேட்டஸ் போனதுக்கு அப்புறமும் பழைய டேகைத் தொங்க விடலாமான்னும் தம்பி கேட்டான், இப்பவே. தாராளமா விடலாம், யாரும் வந்து பிடுங்க மாட்டாங்க, எக்ஸ்பைரி தேதி அச்சாகியிருந்தா மட்டும் கொஞ்சம் கூச்சமா இருக்கும். என்னோட பழைய சில்வர் டேக் தோட்டத்து மோட்டார் ரூம் சாவில தொங்குது, ரெண்டு தடவை வரப்புல விழுந்து, ரெண்டு தடவையும் பக்கத்துக் காட்டுக்காரர் பின்னாடி இருந்த நம்பரைப் பார்த்து போன் பண்ணிக் கொடுத்துட்டாரு.