எண்ணெய் வண்ணத்தில் அரூப ஓவியம்: கையை முன்னால் விட்டு வரைவது எப்படி

வெள்ளைக் கேன்வாஸ் முன்னால் போய் நின்றால் கை நகராது, எனக்கு இன்றைக்கும் அப்படித்தான். அதனால் முதல் வேலையாக அந்த வெள்ளையைப் போக்கிவிடுங்கள். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தைக் கொஞ்சம் எடுத்து, டர்பன்டைனில் தண்ணீர் மாதிரி கரைத்து, பழைய துணியால் முழுக்கத் தேய்த்துவிட்டால் போதும். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், டர்பன்டைன் வாடை தலைவலி தரும். கேன்வாஸில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசியிருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கன்தாலர் 1952இல் ஒன்றும் பூசாத வெறும் துணியிலேயே நீர்த்த எண்ணெய் வண்ணத்தை ஊறவிட்டு வரைந்தார், அது பேரழகுதான், ஆனால் எண்ணெய் நேராக நூலில் இறங்கினால் துணி நாளடைவில் இற்றுப்போகும்.

அப்புறம் மூன்றே வண்ணங்கள், கூடவே வெள்ளை. அல்ட்ராமரீன் நீலம், யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள், ஏதாவது ஒரு சிவப்பு. எதை வரையப் போகிறோம் என்று தீர்மானிக்காதீர்கள், எந்த வண்ணம் முதலில் என்பதை மட்டும் தீர்மானியுங்கள். அகலமான பிரஷைக் கைப்பிடியின் கடைசி நுனியில் பிடித்து, நின்றுகொண்டு, தோளிலிருந்து இழுங்கள். விரலால் வரைந்தால் பழகிய வடிவங்களே வரும். ஒரு வீச்சு விழுந்ததும் அடுத்தது எங்கே என்பதை அதுவே கேட்கும், நீங்கள் பதில் சொன்னால் போதும்.

ஈரத்தின் மேல் மூன்றாவது வண்ணம் போகும்போது எல்லாம் சேறாகும், ஆரம்பத்தில் எல்லோருக்கும் நடக்கிற ஒன்று. பிரஷை வைத்துவிட்டு பேலட் கத்தியை எடுங்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியைத் துடையுங்கள். அப்படியும் சேறானால் வழித்தெடுத்துவிடுங்கள். வழித்த இடத்தில் மிஞ்சும் மங்கலான தடம், வேண்டுமென்று பூசினால் வராத ஒன்று, அதைக் காப்பாற்றுங்கள். காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் வரைந்த தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலம் பிற்காலத்தில் எண்ணெய் வண்ண அரூபங்களுக்கு வந்தார். அந்தப் படங்களை நேரில் பார்க்கக் கிடைத்தால் கிட்டே போய் வண்ணத்தின் தடிமனைப் பாருங்கள், அச்சில் அது தெரியாது.

ஒரு விதியை மட்டும் மீறாதீர்கள். அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு இறுகுகிறது. அடியில் எண்ணெய் அதிகமான பூச்சு மெதுவாக இறுகிக்கொண்டிருக்க, மேலே மெலிதானது முந்திக் காய்ந்தால் வெடிப்பு விடும்.

காய்கிற அந்த நாட்களில்தான் பாதி ஓவியம் நடக்கிறது என்பது என் அனுபவம். கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்பி, நீங்கள் காபி குடிக்கிற இடத்துக்கு எதிரே சாய்த்து வையுங்கள். கைபேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் ஆழமான இருட்டு ஒன்று தேவைப்படுகிறது என்று பொருள். ஒருமுறை மூலையில் அருமையான நீலம் விழுந்துவிட்டது, அதைக் கெடுக்க மனமில்லாமல் மூன்று வாரம் சுற்றிச் சுற்றியே வரைந்தேன், படம் நகரவே இல்லை. கடைசியில் அதன் மேல் ஓக்கரை இழுத்தேன், அன்று சாயங்காலமே முடிந்தது. 'இதைத் தொடக் கூடாது' என்று ஓர் இடம் தோன்றினால் முதலில் அங்கே கை வையுங்கள்.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிப் போடாதீர்கள், உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள். வழக்கமான வார்னிஷுக்கு மெல்லிய பூச்சென்றால் ஆறு மாதமாவது பொறுங்கள், தடிமனானால் ஒரு வருடத்துக்கும் மேல். எந்தப் பக்கம் மேலே என்பதை அதுவரை முடிவு செய்ய வேண்டாம். முடிவானதும் கேன்வாஸின் முதுகில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டு, தேதியையும் எழுதிவிடுங்கள்.