பாஷ் ஷெல்லைப் புதுப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பின் கடைவீதியான புறக்கோட்டையில் கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ‘& சன்ஸ்’, ‘& கோ’ என்று முடியும் பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கிக் கணினியில் ஓட்டும் ‘ஷெல்’ என்ற வகை நிரலான பாஷில் 5.2 பதிப்புக்கு மாறும் எவரும் முதலில் கவனிக்க வேண்டியது அந்த ‘&’ குறியைத்தான்.

நான் பராமரிக்கும் சர்வர் ஒன்று மொத்த வியாபாரிகளுக்குப் பில் அச்சிடுகிறது. ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முந்திய மாலை அதை உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 22.04-இலிருந்து 24.04-க்கு மாற்றினேன். அதோடு பாஷும் 5.1-இலிருந்து 5.2-க்குப் போனது. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், சில பில்களில் கடையின் பெயரே குழம்பிக் கிடந்தது.

நடந்தது இதுதான். மாதிரிப் படிவத்தில் ‘வாடிக்கையாளர்’ என்ற சொல் இருக்கும். ஸ்கிரிப்ட் (பாஷ் கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) அதை எடுத்துவிட்டுக் கடையின் பெயரை வைக்கும். 2022-இல் வெளிவந்த 5.2 பதிப்பில், இப்படி மாற்றி வைக்கும் சரத்தில் (எழுத்துத் தொடரில்) மேற்கோளுக்குள் அடங்காத ‘&’ இருந்தால், ‘எந்தச் சொல்லை எடுத்தாயோ அதையே இங்கே வை’ என்று பொருள். ஆகவே ‘அண்ணன் & தம்பி’ என்று வர வேண்டிய இடத்தில் ‘அண்ணன் வாடிக்கையாளர் தம்பி’ என்று அச்சானது. ‘&’ இல்லாத பெயர்கள் எல்லாம் சரியாகவே வந்தன. நான் சோதித்துப் பார்த்ததும் அப்படிப்பட்ட பெயர்களைத்தான். பிழை வரவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நம்பினேன். பெரிய தவறு அதுதான்.

தீர்வு எளிது. மாற்றாக வரும் மாறியை (மதிப்பைத் தாங்கும் பெயரை)ச் சுற்றி, இந்த மாற்றத்தை எழுதும் சுருள் அடைப்புக்குள்ளேயே, தனியாக இரட்டை மேற்கோள் போட வேண்டும். முழுக் கோவைக்கும் வெளியே போட்டிருக்கும் மேற்கோள் இதற்கு உதவாது. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பாஷின் வசதிகளை அணைக்கவும் இயக்கவும் உதவும் ‘ஷாப்ட்’ (shopt) கட்டளையால் இந்த வசதியையே அணைத்துவிடவும் முடியும். ஆனால் நான் அதை விரும்புவதில்லை. அணைத்த வரியை நாளைக்கு யாராவது நீக்கிவிட்டால் பழைய சிக்கல் திரும்பி வரும்.

அடுத்தது, புதுப்பித்த கையோடு திறந்திருக்கும் பழைய டெர்மினலிலேயே சோதிப்பது. அந்த ஜன்னலில் ஓடிக்கொண்டிருப்பது இன்னும் பழைய பாஷ்தான். பதிப்பைக் கேட்கும் கட்டளையை அங்கே கொடுத்தால், வட்டில் உள்ள புதிய கோப்பு ஓடித் தன் எண்ணைச் சொல்லும், நாம் ஏமாந்துபோவோம். ‘பாஷ்_வெர்ஷன்’ (BASH_VERSION) என்ற மாறியை அச்சிட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். நாட்கணக்கில் மூடாமல் வைத்திருக்கும் ஜன்னல்களை மூடித் திறப்பதே நல்லது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிள் தன் கணினிகளோடு தரும் பாஷ் இன்னும் 3.2-தான், உரிம விதிகள் மாறியதால் அதற்கு மேல் அவர்கள் போகவில்லை. வீட்டு மேக்கில் ஓடிய ஸ்கிரிப்ட் சர்வரிலும் அதேபோல் நடக்கும் என்று எண்ண வேண்டாம்.

2025-இல் வந்த 5.3 எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு கட்டளையின் விடையைப் பிடிக்க டாலர் குறிக்குப் பின் சுருள் அடைப்பும் ஓர் இடைவெளியும் விட்டு எழுதலாம். இதற்கென்று தனியாக ஒரு துணை ஷெல் (பாஷின் தற்காலிக நகல்) பிறக்காது. ஆயிரக்கணக்கில் சுற்றும் சுழற்சிகளில் இதனால் நேரம் மிச்சம். ஆனால் இதே வேலைக்கு டாலர் குறிக்குப் பின் எழுதிவந்த பழைய வளைவு அடைப்புகளை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இதற்கு மாற்றிவிடக் கூடாது. உள்ளே கோப்புறையை மாற்றினால் வெளியிலும் மாறிவிடும். உள்ளே ஒரு மாறிக்குக் கொடுத்த மதிப்பு வெளியிலும் நிற்கும். பழைய முறையில் இவை துணை ஷெல்லோடு மறைந்துபோயின. அந்த மறைவை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட்டுகள் நம்மிடம் எத்தனையோ உண்டு. மேலும், 5.2 உள்ள சர்வரில் இந்த எழுத்துமுறை பிழையாகவே நின்றுவிடும்.

ஸ்கிரிப்ட்டின் முதல் வரியையும் பாருங்கள். உபுண்டுவிலும் டெபியனிலும் அங்கே ‘எஸ்ஹெச்’ (sh) என்று இருந்தால் அதை ஓட்டுவது பாஷ் அல்ல, டேஷ் (dash) என்ற வேறொரு ஷெல். பாஷை எத்தனை முறை புதுப்பித்தாலும் அந்தக் கோப்புக்குப் புதிய வசதி எதுவும் போய்ச் சேராது.