கொட்டகையில் சென்சாரை எங்கே மாட்டுவது?

கலப்பின மாடு வைத்திருப்பவர்கள், வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சின்ன டிஜிட்டல் சென்சார் ஒன்றைக் கொட்டகையில் மாட்டிவையுங்கள். விலை சில நூறு ரூபாய்தான். அளவுகளைச் சேமித்து ஃபோனுக்கு அனுப்பும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

மாட்டும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. தகரக் கூரைக்கு அடியில் ஒட்டினால் அது கூரைச் சூட்டைத்தான் காட்டும். மாட்டின் முதுகு உயரத்தில், வெயில் படாமல், நாக்கு எட்டாத தூரத்தில் தொங்கவிடுங்கள். (எங்கள் ஜெர்சி முதல் சென்சாரின் ஒயரை மென்றே முடித்துவிட்டது.)

இனி, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து மாட்டை எவ்வளவு வாட்டுகின்றன என்பதை ஒரே எண்ணாகக் காட்டும் கணக்கு. வெப்பநிலையிலிருந்து 14.4-ஐக் கழித்து ஈரப்பதத்தால் பெருக்குங்கள். 60 சதவீதம் என்றால் 0.6. அதோடு வெப்பநிலையின் 0.8 மடங்கையும் 46.4-ஐயும் கூட்டுங்கள். 32 டிகிரி, 60 சதவீதத்துக்கு 82-க்கு மேல் வரும். 72-ஐத் தாண்டினாலே கறவை மாட்டுக்குச் சிரமம் தொடங்கிவிடும். முதலில் தீனி குறையும், அப்புறம் பால்.

நான் பகல் எண்ணைவிட இரவு எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். இரவிலும் 72-க்குக் கீழே இறங்கவில்லையா, பகலில் ஏறிய சூட்டை இறக்க மாட்டுக்கு நேரமே கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்த நாட்களில் தீவனத்தின் பெரும்பங்கை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்கும்போது ஃபேன் ஓடாமல் தண்ணீரை மட்டும் தெளித்தால், ஈரம் காயாமல் புழுக்கம்தான் கூடும்.