காலையில் அடம்பிடிக்கும் டீசல் லாரி

பழைய லாரி காலையில் கிளம்பாவிட்டால் எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) வேகமாகச் சுற்றுகிறதென்றால் அதை விட்டுவிட்டுப் புகைக்குழாயைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் இன்ஜினுக்கு டீசல் போகவில்லை. பெரும்பாலும் டீசல் வரும் குழாயில் காற்று புகுந்திருக்கும். வெடிப்பு விட்ட ரப்பர் குழாயோ நசுங்கிய செம்பு வாஷரோ போதும். இரவோடு இரவாக டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது என்பதுதான் எரிச்சல். டீசல் ஃபில்டரின் மேலுள்ள, காற்றை வெளியேற்றும் திருகைச் சற்றுத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். நுரை அடங்கித் தெளிந்த டீசல் வழியும்போது இறுக்கிவிடுங்கள். மறுநாளும் இதே கதையென்றால், டேங்கிலிருந்து, டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் வரையுள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். வெள்ளைப் புகை வந்தும் கிளம்பவில்லையா? டீசல் போகிறது, எரியவில்லை. சிலிண்டரில் காற்று அழுந்தும் கம்ப்ரஷனையும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.